இருட்டக்காவின் விளக்கு

"யாருப்பா அது? லைட்ட அணைங்க! இங்க ஊரார் உசுரு இருக்கு!"

கதவு விரற்கடை அளவு திறந்தாலே உள்ளிருந்து இந்தக் குரல் பாய்ந்து வரும். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இருட்டக்கா என்றே பெயர். பெயிண்ட் தொழிற்சாலை ஆட்களின் ரத்த அணுக்களில் டி.என்.ஏ. எவ்வளவு உடைந்திருக்கிறது என்று வருடந்தோறும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் ஜெல்லோடு பதித்து, மின்சாரம் பாய்ச்சி, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நல்ல அணு உருண்டையாக நிற்கும். உடைந்ததற்கு வால் முளைத்திருக்கும். வெள்ளை வெளிச்சம் பட்டால் நல்ல அணுவும் உடைந்து வால் விட்டுவிடும் என்பதால் மங்கிய மஞ்சள் விளக்கில்தான் எல்லா வேலையும். வீட்டிலும் அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போவார். "இது வீடா, சினிமாக் கொட்டகையா?" என்று கணவர் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்கு எப்போதும் இருட்டக்காவின் கைதான். "என் ரத்தத்துல ஒரு வாலக் காட்டு, பாப்போம்!" என்று நர்ஸிடம் சவால் விட்டுக்கொண்டே கையை நீட்டுவார். கொஞ்சம் தலைக்கனம்தான், ஆனால் யாரையும் அது உறுத்தியதில்லை.

பயந்துபோய் வரும் தொழிலாளிகளிடம் அவர் தங்கமானவர். "வால் இருந்தா வியாதின்னு அர்த்தமில்லண்ணே. ஒடம்பு தானே ரிப்பேர் பண்ணிக்கும். இன்னொரு தடவ பாத்துடலாம்" என்பார். அவர்களும் தெம்பாகத் திரும்பிப் போவார்கள்.

போன வாரம் தன் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் வால். கூடவே வைத்திருந்த தொழிலாளிகளின் தகடுகள் எப்போதும்போலத்தான் இருந்தன. விளக்கின்மேல் பழி போட வழியில்லை. தெரிந்தும் நேராக நர்ஸிடம் போனார்.

"நீ உள்ள வந்து லைட்டப் போட்டியா?"

"நான் எதுக்குக்கா போடறேன்? உங்க கத்தலுக்குப் பயந்து அந்தப் பக்கமே வர்றதில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. போட்டிருந்தா திட்ட மாட்டேம்மா."

"சத்தியமா இல்லக்கா."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. இத்தனை காலம் கையாண்ட சாயங்கள், கையுறை கிழிந்தும் கவனிக்காமல் வேலை பார்த்த பொழுதுகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தொழிலாளிகளுக்குச் சொன்ன ஆறுதலைத் தனக்கும் சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை. அன்று வீட்டில் ஒரு விளக்கையும் அணைக்கவில்லை. "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கணவர்தான் கலங்கிப்போனார். "இருக்கட்டும், எரியட்டும்" என்றார் இருட்டக்கா.

இன்று மறு சோதனை. ரத்தம் கொடுக்கும்போது சவால் ஏதும் விடவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது மஞ்சள் விளக்கின் கீழ் இன்னும் மின்சாரம் பாய்ச்சாத புதிய தகடுகள் ஈரத்தோடு கிடக்கின்றன, தொழிலாளிகளுடையதும் அவருடையதும். இன்றும் வால் வந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இருக்காது.

தொழிலாளிகளின் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்குகிறார். மூடியை அழுத்தி மூடி, மேலே கறுப்புத் துணியையும் சுற்றுகிறார். மேசையில் அவருடைய தகடு மட்டும் இருக்கிறது. கதவைத் தாழிட்டுவிட்டு, கையை நீட்டி, வெள்ளை விளக்கைப் போடுகிறார்.