நட்சத்திர வெளிச்சம் போதுமாம்

இந்த வருடமும் காட்டுப் பன்றி தோட்டத்தை உழுதால் விற்றுவிடுவேன் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சியாகுல்லி என்ற மலையடி ஊரில் அவருடைய மந்தரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் நான்தான் வேலையாள். அவர் வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் என் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். அது இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். மூன்று வருடமாக மகளைப் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கிவரும் பன்றிகளுக்கு இதெல்லாம் தெரியுமா? வேரைக் கிண்டின, தண்ணீர்க் குழாயைக் கடித்தன. சனியன்கள்!

முதலாளியிடம் துவக்கு இருந்தது. ஆனால் இருட்டில் பன்றி கண்ணுக்குத் தெரியாது. இரவில் பார்க்கும் கருவியொன்று வாங்கித் துவக்கில் பூட்டலாம் என்றார். அப்படிச் சுடுவது சட்டவிரோதம், ஒருவரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னார். ஊரில் ரேடியோ திருத்தியவன் என்ற ஒரே தகுதிக்காக, நல்லதாகப் பார்த்து எடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். பிழையானதைக் கொண்டுவந்தால் பன்றிக்கு முதல் நீ போவாய் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நகரத்தில் வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் பழைய கமெரா விற்கும் கடை. சோவியத் உடைந்தபின் அதன் பட்டாளச் சாமான்கள் அங்கேயும் வந்து குவிந்திருந்தன. தோட்டத்துப் பன்றிகளைப் பார்க்க என்று மட்டும் சொன்னேன், துவக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் என்னையும் கூட்டிக்கொண்டு இருட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளிச்சத்தில் திறந்தால் கருவி பழுதாகிவிடுமாம். மலிவானதற்குக் கூடவே ஒரு விளக்கு எரியவேண்டும். அதன் மங்கல் சிவப்பைக் கண்டால் பன்றி ஓடக்கூடும் என்று அவரே சொன்னார். மற்றதைக் கண்ணில் வைத்தேன். கதவிடுக்கில் நூலளவு வெளிச்சம்தான். அறை முழுவதும் பச்சையாகத் தெரிந்தது. கடைக்காரர் மூலையில் நின்று விரல்களைக் காட்டினார். மூன்று.

"நிலவே வேண்டாம். நட்சத்திர வெளிச்சம் போதும்," என்றார் பெருமையாக.

எனக்குப் பன்றி மறந்துபோய் மனைவியின் பயணம் நினைவுக்கு வந்தது. சண்டையால் தரைப்பாதை மூடியிருந்தது; விசாவுக்காகக் கொழும்புக்குப் போவதென்றால் அவள் கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டவேண்டும். கடற்படையின் காவல் படகுகள் சுடும் என்று சனங்கள் அமாவாசை பார்த்துத்தான் ஏறுவார்கள். சுடுகிறவர்களிடமும் இப்படி ஒன்று இருக்கிறதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு துலக்கமாகத் தெரியும் என்று யார் கண்டது?

"அசையாமல் படுத்திருந்தால்?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"மேலே தறப்பாள் மூடியிருந்தால்?"

"உங்கள் பன்றி தறப்பாளும் போடுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மோசமானதை வாங்கினால் அங்கே கடலில் நிற்பவனுடைய கண்ணும் மங்கிவிடும் என்று ஒரு விசர் யோசனை வந்தது. மலிவானதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நல்லதையே எடுத்தேன். வேறு வழி?

மூன்றாம் இரவு ஒரு பெண் பன்றி விழுந்தது. பிறகு மற்றவை வரவில்லை. முதலாளி என் தோளில் தட்டிக் கையெழுத்து வைத்தார். அந்தத் தாளோடு அறைக்குப் போய் மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் அறையில் இருந்த மன்னார்க்காரர் மறுநாள் கொழும்புக்குப் போக இருந்தார். யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம். கடிதம் அவர் கையில்தான் போகவேண்டும்.

"என்னப்பா, பேயைக் கண்டவன் மாதிரி இருக்கிறாய்? அமாவாசையில ஏறச் சொல்லி எழுதன். எல்லாரும் அப்பிடித்தானே," என்றார் அவர்.

அமாவாசை உதவாது என்று எழுதினால் அவள் எப்போது ஏறுவாள்? நிலவிலா? வரவே வேண்டாம் என்று எழுதவா? இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதில், அமாவாசையில் ஏறு, இருட்டில் ஒருவரும் காணமாட்டார்கள், பயப்படாதே என்று எழுதினேன். பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்து வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வந்த பஸ்ஸில் மகள் என்னிடம் வரமாட்டேன் என்று தாயின் மடியிலேயே இருந்தாள்.

"நீங்கள் எழுதினபடி அமாவாசையிலதானப்பா ஏறினனாங்கள்," என்றாள் மனைவி. "கும்மிருட்டு. எங்களை ஒருத்தரும் காணேல்லை."

"ஓம்," என்றேன்.

அவள் மகளின் காதுகள் இரண்டையும் பொத்தினாள்.

"முன்னுக்குப் போன வள்ளத்தைத்தான் சுட்டவங்கள். முதல் அதிலதான் நாங்கள் ஏறினது. இடம் காணாதெண்டு இறக்கி விட்டவங்கள்."