பதினைந்தாவது ஆள்

கொரோனா காலத்தில் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சட்டம் சொல்லப் போனவள் நான். பட்டப்படிப்பை முடித்து, ஒரு அரசாங்க அலுவலகத்தில் பயிலுனராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். மரண வீட்டில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது, அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று எங்கள் மேலதிகாரி கையெழுத்திட்ட சுற்றறிக்கையை நான்தான் தமிழில் எழுதினேன். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் வாசித்ததும் நான்தான். கொழுந்து எடுப்பவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் குரலைக் கேட்டார்கள். சிறுவயதில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர்கள் என்னை ‘மிஸ்’ என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அத்தையின் கணவர் நெஞ்சு வலி வந்து இறந்தது அந்த நாட்களில்தான். அவருக்குக் கொரோனா இல்லை. ஆனால் சட்டம் எல்லாச் சாவுக்கும் ஒன்றுதான். சுகாதாரப் பரிசோதகர் என்னை லயத்து வாசலில் இறக்கிவிட்டு, "நீங்க பாத்துக்கங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனார். படிக்கட்டுக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு உள்ளே நின்று நான் தலைகளை எண்ணினேன். பதினான்கு பேர். என்னோடு பதினைந்து.

அப்பா தோட்டத்தின் வேறு டிவிஷனிலிருந்து நடந்து வந்தார். அத்தைக்கு அவர் ஒரே தம்பி. எங்களில், புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலை வர வேண்டும். பிணத்தைத் தூக்குவதற்கு முன் கூடப்பிறந்தவன் அந்தக் கோடிச் சேலையை அவள் மேல் போட வேண்டும். அது வராவிட்டால் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். அப்பா சேலைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பாப்பா, கோடிய மட்டும் போட்டுட்டு ஒடனே வந்துர்றேன்."

"கணக்கு நெறஞ்சிருச்சுப்பா. இப்ப ஏலாது."

"ஒங்க அத்தடி அது."

"சொந்தம்னு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கப்பா."

பக்கத்து வீட்டுக் காம்பிராவிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "மைக்கப் புடிச்சா பெத்த அப்பன் கூட கண்ணுக்குத் தெரிய மாட்டாரு போல!" யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அதனாலேயே இன்னும் விறைப்பாக நின்றேன். அப்பா பொட்டலத்தைப் பிரிக்காமலே நாடாவுக்கு வெளியே நின்றார். உள்ளே, ஓரகத்தியின் பழைய சேலை ஒன்றை அத்தையின் தோளில் போட்டார்கள். அத்தை ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். சட்டம் இன்னும் மாறியிருக்கவில்லை. எங்கள் மேலதிகாரியின் தாயார் காலமானார். அலுவலகத்தில் எல்லோரும் வர வேண்டும் என்று சொன்னார்கள், வாகனமும் அனுப்பினார்கள். தெருமுனையிலிருந்தே வெள்ளைக் கொடிகள். இரண்டு பக்கமும் வாகனங்கள். முற்றத்தில் தகரக் கொட்டகை, வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், உட்கார இடமில்லாமல் நிற்கும் ஆட்கள். என்னை லயத்து வாசலில் இறக்கிவிட்ட அதே பரிசோதகர், வந்தவர்களுக்கு நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். முகக்கவசம் அவர் தாடைக்குக் கீழே கிடந்தது. என்னைக் கண்டதும் அதை மேலே இழுத்தார். பிறகு மறுபடியும் கீழே விட்டார்.

மேலதிகாரி தாயின் கால்மாட்டில் நின்று குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகையில் பொய் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் அருகே வந்தார். நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்க வேண்டும். நான் எதுவும் கேட்காமலே சிங்களத்தில் சொன்னார்: "அம்மா தானே, தங்கச்சி. வர வேண்டாம் என்று யாரிடம் சொல்வது?"

நான் சொல்லியிருந்தேனே. என் அப்பாவிடம்.

கையில் கொடுத்த தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை. திரும்பும்போது வாகனத்தை எல்கடுவைச் சந்தியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, நேரே அத்தையின் லயத்துக்கு நடந்தேன். அத்தை தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்: கொடிகள், வாகனங்கள், கூட்டம், பரிசோதகர், மேலதிகாரி சொன்ன வார்த்தை. அத்தை துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அவங்க அம்மாவுக்கு அவங்க செஞ்சாங்க. அத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?"

பழியை மேலதிகாரி வீட்டு முற்றத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு அத்தையிடம் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் வழியெல்லாம் நான் சுமந்து வந்தது வேறு.

"அத்த, அன்னைக்கி உள்ள பதினாலு பேருதான். பதினஞ்சாவது ஆளு நான். நான் ஒரு நிமிஷம் வெளிய வந்திருந்தா அப்பா உள்ள வந்து கோடி போட்டிருக்கலாம். அது எனக்கு அப்பவே தோணுச்சு. ஆனா எல்லாருக்கும் முன்னுக்கு எறங்கி வெளிய போக மனசு வரல."

அத்தை பிழிந்த துணியை வாளியில் போட்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டி. ஒக்காந்திருந்தவ எண்ண மாட்டாளா?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒங்கப்பனுக்குத் தெரியாது," என்றார். "கவருமெண்டு சட்டம், புள்ள என்னா செய்யும்னு இன்னமும் ஒனக்காகப் பேசிக்கிட்டுத் திரியிறான். அவங்கிட்ட போயி சொல்லு. சொல்லிட்டு இங்க வா, பேசுவோம்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் இன்னும் சொல்லவில்லை. மேலதிகாரியைப் பற்றி மட்டும் சொன்னேன். "பெரிய எடத்து ஆளுங்க அப்பிடித்தான் பாப்பா" என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே எழுதிவிட்டதால் சொல்லியாயிற்று என்று ஆகாது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பார்.