படையல் கதவுக்குள்ள கேட்ட சத்தம்

எங்க அண்ணன் செத்து முப்பதாம் நாள் படையல். அவனுக்கு நாட்டுக்கோழின்னா உசுரு. ஒரகடத்துல ஷிஃப்ட் முடிச்சு வர்றப்போ, கம்பெனி கேட்டாண்ட பைக்குல வெச்சு ஒருத்தர் வித்த வெட்டுன கறிய வாங்கினு வந்துட்டேன்.

இலைல குழம்ப வெச்சு, அவன் வந்து சாப்புடட்டும்னு வழக்கப்படி கதவ சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னோம். கொஞ்ச நேரத்துல உள்ள வாந்தி எடுக்குற சத்தம். ஆஸ்பத்திரில அண்ணன் எடுத்த மாதிரியே இருந்துச்சு. அம்மா ஓடிப்போய், "இன்னாடா கண்ணு, புடிக்கலயா?"ன்னு கதவப் பாத்து கேட்டுச்சு.

தொறந்தா பக்கத்து வூட்டு பூன. இலைல இருந்த கறிய தின்னுட்டு கக்கினு இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள செத்துடுச்சு. மாசமா இருக்குற அண்ணிக்குதான் அந்தக் கறிய மொதல்ல போட இருந்தோம். குழம்ப அப்படியே குழி தோண்டி கொட்டிட்டோம்.

மறுநாள் கறி வித்தவர கேட்டேன். "எந்தப் பண்ணையோ, எப்ப செத்துச்சோ, எனக்கு இன்னாம்மா தெரியும்?"னாரு.

ஜன்னல நான்தான் சாத்துனேன். பூன எப்படி உள்ள வந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியல. அண்ணன்தான் அனுப்பிச்சான்னு அம்மா சொல்லுது.

இப்ப பிள்ளைப்பாக்கத்துல கோழிய மேயவிட்டு வளக்குற ஒரு அக்காவாண்டதான் வாங்குறேன். கோழி ஓடுறத, மேயுறத பாத்துட்டு, எதிர்லயே அறுக்க சொல்றேன். "ஏண்டி, பொண்ணு பாக்க வந்தாமாரி இப்படி பாக்குற?"ன்னு அக்கா சிரிக்கும். அண்ணி வயித்துல இருக்குறது அவன் புள்ள. நான் பாக்கத்தான் செய்வேன்.