நடு வரம்பில் நடந்தவள்

என் மனிதர் கலந்தருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்முனையில் சொந்த ஸ்டூடியோ, சாய்ந்து உட்கார நல்ல கதிரை. அதில் அவர் இருந்து நான் கண்டதில்லை. எண்பத்திரண்டில் அவருடைய தங்கை ஹாஜறாவின் வயலைப் படமெடுக்கும் வேலை வந்து சேர்ந்ததும் சோறும் இறங்கவில்லை அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாஜறாவைக் கட்டிய மாப்பிள்ளை சாலிஹ் குவைத்தில் உழைத்து அனுப்பியதில் மாவடிப்பள்ளியில் வயல் வாங்கியிருந்தாள். 'நீ வயலுக்குள்ள நிண்டு படம் எடுத்து அனுப்பு, அப்பதான் நம்புவன்' என்று அவர் கசெட்டில் பேசி அனுப்பினார். ஸ்டூடியோவின் மங்கல் வெளிச்சத்தில் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தே பழகிய என் மனிதரின் கை, முதல் படத்துக்கு வெட்டவெளியிலும் அப்படியே திறந்துவிட்டது. முன்னால் நின்ற கதிர் மட்டும் தெளிவு. பின்னால் எல்லாம் புகை. "இதென்ன, வயலா கடலா?" என்று அடுத்த கசெட் வந்தது.

ஹாஜறா ஓடி வந்தாள். "காக்கா, நாளைக்கு வேளாண்மை வெட்டு, கதிரெல்லாம் அறுத்திருவாங்க. இண்டைக்கே எடுக்கணும். வயல் முழுக்கத் தெரியணும், என்ட முகம் தெரியப்படாது. குவைத்தில ஒரு அறைக்குள்ள எட்டுப் பேர், படம் கைமாறும்."

"முதுகக் காட்டி நில்லன்" என்றேன்.

"மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிண்டா கோவமெண்டு நினைப்பாரு, மச்சி."

பொழுது சாயப் போனோம். இவர் லென்ஸின் துவாரத்தைப் பதினாறாம் எண்ணுக்குச் சுருக்கினார். அப்போதுதான் கிட்டத்துக் கதிரும் தூரத்துப் பனையும் ஒன்றாகத் தெளியுமாம். ஆனால் வெளிச்சம் குறைவாகப் புகும், ஷட்டரைக் கூடுதல் நேரம் திறக்க வேண்டும், அந்நேரம் எது அசைந்தாலும் கலங்கிவிடும். காற்றோ ஓய்ந்தபாடில்லை. கமராவைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"அல்லாஹ்வுக்காக நில்லுங்களன்! நீங்க நடக்கிற நடையில எனக்குப் பார்வை கலங்குது."

சட்டென்று நின்றார். "தங்கச்சி, நீ நிக்காத. நான் கை காட்டினதும் நடு வரம்பில நட. நிக்கிறதெல்லாம் தெளிவா விழும், நடக்கிற நீ மட்டும் கலைஞ்சு போவாய்."

காற்று ஓய்ந்தது. கை காட்டினார்.

படத்தில் கதிர் முதல் பனை வரை தெளிவு. வரம்பில் ஒரு பெண்ணளவு புகை. அனுப்பிவிட்டு, "பேயெண்டு நினைச்சா என்ன செய்யிற?" என்று என் உயிரை வாங்கினார்.

சாலிஹின் பதில் கசெட்டை ஹாஜறா ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து போட்டாள்.

"வயல் நல்லா இரிக்கி. இதென்ன புகையெண்டு கூட இரிக்கிறவனுகள் கேட்டானுகள். நான் சொல்லல்ல. உன்ட நட எனக்குத் தெரியாதா?" என்றார் சாலிஹ். "எங்க புள்ள இவ்வளவு அவசரமாப் போறாய்? கொஞ்சம் நில்லு. நான் வாறன்."

ஹாஜறா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.