மருமகன் ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் சாமியறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மருமகன் என்னிடம் கேட்ட கேள்விக்கு, இன்றுவரை எனக்கு ஒழுங்கான பதில் தெரியாது. "உங்கள் ஆட்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளையார் இருக்கிறார், முருகன் இருக்கிறார், நல்ல வடிவான அம்மன் படமும் இருக்கிறது. இதற்கு மேலே இந்த மனிதர் யாரைத் தேடுகிறார் என்று முழித்துக்கொண்டு நின்றேன்.

மருமகன் கானா நாட்டுக்காரர். கனடாவில் படிக்கப் போன இடத்தில் மகள் அவரை விரும்பினாள். எங்களிடம் சொன்னாள், கேட்கவில்லை. நான் மூன்று மாதம் அவளோடு கதைக்கவில்லை. இருக்கிற ஒரு பிள்ளையோடும் கோபித்துக்கொண்டு பிறகு நான் யாருக்கு அப்பன் என்று யோசித்துத்தான் தொலைபேசியை எடுத்தேன். இப்படி 'ஒரு பிள்ளை' என்று சொன்னால் மனைவிக்குப் பிடிக்காது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வன்னியில் வேலைக்குப் போன இடத்தில், சண்டையின் கடைசி மாதங்களில் காணாமற் போனான். செத்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை, கண்டேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

செத்தவர்களின் படங்களைச் சாமியறைக்குள் வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்று மருமகனுக்கு விளங்கப்படுத்தினேன். ஐயாவும் அம்மாவும் விறாந்தைச் சுவரில் பிளாஸ்டிக் மாலையும் சிவப்பு மின்குமிழுமாக இருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் மூத்தவன். அவனுக்கு மாலை இல்லை, குமிழும் இல்லை. ஒருமுறை மின்சார வேலைக்கு வந்தவர் நல்லது செய்வதாக நினைத்து மூன்று படத்துக்கும் வயர் இழுத்துவிட்டார். மனைவி அந்த மனிதருக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தாள்.

மருமகனின் தகப்பன் வீட்டில் கதை வேறு. உள்ளறை ஒன்றில் உயரம் குறைந்த மர இருக்கைகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் இறந்துபோன ஒரு மூத்தவருடையது. அதில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். முன்னால் தண்ணீர் வைப்பார்கள், சமைத்ததில் கொஞ்சம் வைப்பார்கள். கல்யாணம், பயணம், பிள்ளைப்பேறு எது வந்தாலும் தகப்பன் அவர்களுடைய பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி நிலத்தில் தண்ணீரோ மதுவோ ஊற்றி அறிவிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்துக்கும் போவார்களாம்.

"அப்ப நீங்கள் கிறிஸ்தவ வேதக்காரரோ, இல்லையோ?" என்று கேட்டேன். "ஓம்" என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த மூன்று தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. என் கேள்வியின் எந்தப் பாதிக்கு அந்த 'ஓம்' என்று எனக்கு விளங்கவே இல்லை.

நான் சாவகச்சேரி நீதிமன்றத்தில் காலம் முழுக்க எழுதுவினைஞராக இருந்தவன். ஒவ்வொரு கடதாசியும் ஒரு கோவைக்குள் இருக்கவேண்டும் எனக்கு. செத்தவீடு என்றால் துடக்கு, முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கமாட்டோம் என்று வளர்ந்தவனுக்கு, செத்தவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோறு போடுவது தலையைச் சுற்றியது. சரி, அப்படியென்றால் ஆடியமாவாசைக்கு நான் கீரிமலைத் தீர்த்தக்கரையில் குந்தி எள்ளும் தண்ணீரும் இறைப்பது என்ன? அதையும் யோசித்தேன். யோசித்ததுதான் மிச்சம்.

மகளுக்கு அப்போது மூன்று மாதம். பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி அவருடைய ஆட்களுக்குச் சொல்லியாயிற்று, எங்கள் ஆட்களுக்கும் சொல்ல வேண்டும் என்று மூன்றாம் நாள் காலை மருமகன் கேட்டுக்கொண்டார். மனைவிக்கு ஒரே சந்தோஷம். "நல்ல விசயம்தானே. மாமாவுக்கும் மாமிக்கும் சொல்லட்டும்" என்று, தேய்த்து மினுக்கிய செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரேயொரு கட்டுப்பாடு சொன்னார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்: "உயிரோடை இருக்கிற ஆரின்ரை பேரையும் இதிலை சொல்லக்கூடாதாம். சொன்னால் அவையளையும் செத்தவையளோடை வரச்சொல்லிக் கூப்பிட்ட மாதிரியாம்."

விறாந்தைப் படியில், ஐயாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, நான் பெயர்களைச் சொன்னேன். ஐயா. அம்மா. பெரியப்பா. என் தமையன். அவர் ஒவ்வொரு பெயரையும் கடித்துக் குதறிச் சொல்லி, செவ்வரத்தைச் செடியடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மனைவி பக்கத்தில் பூப் பறித்துக்கொண்டு நின்றாள். பிறகு மருமகன் மெல்லக் கேட்டார், "வேறு யாராவது?"

கீரிமலையில் ஐயரும் இதையேதான் கேட்பார். வருடா வருடம் கேட்பார். வருடா வருடம் நான் "இல்லை ஐயா" என்று சொல்லி வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். அன்றைக்கு என்ன கோதாரி பிடித்ததோ, என் வாய் மகனின் பெயரைச் சொல்லிவிட்டது.

மருமகனுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. மகள் அவரிடம் எப்போதும் 'அண்ணை' என்று மட்டுமே சொல்லியிருக்கிறாள். அவர் அந்தப் பெயரை மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். சொல்லி ஊற்றினார்.

"என்னப்பா சொன்னனீங்கள்?" மனைவியின் பூத்தட்டு கீழே விழுந்து கிடந்தது. "உங்களுக்கு விசரே? இவ்வளவு காலமும் வராத பேர் இண்டைக்கு ஏன் வாயிலை வந்தது? தம்பி, அதைத் திருப்பி எடுங்கோ. அவன்ரை தண்ணியைத் திருப்பி எடுங்கோ!"

குந்தியிருந்து ஈரமண்ணைக் கையால் வழிக்கத் தொடங்கினாள். எந்த ஈரம் யாருடையது என்று எப்படித் தெரியும்? எனக்கு என்மேல் கோபமா, அழுகையா, அல்லது எதையோ இறக்கி வைத்த ஆறுதலா என்று தெரியவில்லை. ஆறுதல் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

மகள் அழுதழுது அவருக்கு விளங்கப்படுத்தினாள். மருமகனின் முகம் செத்துப்போயிற்று. ஊற்றியதை எடுக்க முடியாது என்றார். ஆனால் பெயரைச் சொன்னவரே அந்த மூத்தவர்களிடம் போய், பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாமாம். வீட்டு மனிதர் பிழைவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியுமாம்.

"போங்கோ. போய் மாமாட்டைச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி. அவளுடைய விரல்களெல்லாம் சேறு.

ஐயா இருந்த காலத்திலேயே நான் அவரோடு எட்ட நின்று கதைத்தவன். படத்தோடு கதைத்ததே இல்லை. போய் நின்றேன். சிவப்புக் குமிழ் எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, நான்தான். ஒரு பேரைப் பிழையாச் சொல்லிப்போட்டன். உங்கடை பேரன் உங்கை, உங்களிட்டை, இல்லை. அவனை உங்களோடை சேர்க்காதையுங்கோ." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நீதிமன்றத்தில் எத்தனை பேருடைய வாக்குமூலத்தை எழுதியவன், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "அவன் உங்கை இல்லைத்தானே, ஐயா?"

பின்னால் மனைவி வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. சேற்றுக் கையால் என் சேட்டின் தோளைப் பிடித்து இழுத்து என்னை விலக்கிவிட்டு, படத்தைப் பார்த்து அவள் சொன்னாள்.

"அவன் உங்கை இருந்தாலும் சொல்லாதையுங்கோ, மாமா."