செல்வியின் தெருவை ஏரி ஆக்கிய கதை

போன வாரம் சடையங்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர். திருவொற்றியூரில் என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். செல்வியிடமிருந்து போன்.

எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. வடசென்னையின் சந்துபொந்துகளை ஆன்லைன் மேப்பில் ஏற்றுவது. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், திருத்தலாம், அழிக்கலாம். சடையங்குப்பத்துக்கு நான் போனபோது கூடவே நடந்து தெருவைக் காட்டியவள் செல்வி. இப்போது நிறைமாதம்.

"ண்ணா, வலி எடுத்துகிச்சு. அவரு லாரியோட மாதவரத்துல மாட்டிக்கினாரு. நானும் மாமியாரும்தான் கீறோம். கார்ப்பரேஷன் போட்டு இன்னும் வர்ல."

வெள்ளம் என்றால் சொந்த ஃபைபர் படகோடு வந்துவிடும் எண்ணூர் மீனவர் ஒருவர். வாட்ஸ்அப் குரூப்பில் நம்பர் தேடி அவரைப் பிடித்தேன்.

"மேப்புல அங்க ஏரின்னு காட்டுது நைனா. ஏரிக்குள்ள வூடு ஏது? வேற தெருவுக்குப் போய்க்கினு கீறேன்."

ஏரியா?

மேப்பைத் திறந்தேன். நான் போட்ட தெருவைக் காணோம்... நீலமாக ஒரு ஏரி. என்னைப்போல ஒரு தன்னார்வலர்தான், எங்கிருந்தோ அழித்திருக்கிறார். 'சாட்டிலைட் படத்தில் தண்ணீர் மட்டுமே உள்ளது' என்று காரணம் வேறு. இருக்காதா பின்னே? அந்தப் படம் எடுத்ததே போன வெள்ளத்தில்.

தெருவைத் திரும்பப் போட்டேன். டீ ஆறுவதற்குள் மறுபடி ஏரி. 'ஆதாரம் தேவை.'

எங்கள் பக்கத்தில் தெரு இருக்கிறது என்பதற்கே ஆதாரம் காட்ட வேண்டும். ஆத்திரமாக வந்தது. ஆனால் இந்த ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அவள் கதி?

மேப்பை மூடினேன். "செல்வி, மாமியாரை மொட்டைமாடிக்கு அனுப்பு. சிவப்பா எதையாவது எடுத்து ஆட்டச் சொல்லு." படகுக்காரரிடம், "டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி இடது பக்கம். அந்த ஏரிக்குள்ளேயே போங்க" என்றேன்.

அப்புறம் இரண்டு பேருமே போனை எடுக்கவில்லை. அடிக்கிறேன், அடிக்கிறேன்... தெரியாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

கடைசியில் படகுக்காரரே கூப்பிட்டார். "சிவப்பு நைட்டி தெரிஞ்சுது நைனா. பொண்ண ஏத்திக்கினேன். கத்திக்கினு கீது, ஆனா தெம்பா கீது."

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால், அங்கேயும் மேப்பில் தெருவை அழித்த அந்தத் தன்னார்வலரிடமிருந்து கேள்வி: 'அது ஏரி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' செல்வி என் போனை வாங்கினாள். மடியில் குழந்தை. ஒற்றை விரலால் பதில் அடித்தாள்.

"ஏரிக்கு எவன் சார் கரண்ட் பில் அனுப்புவான்?"