ஆறு குடிக்கும் ஓர் எண்

அந்தக் காலத்தில் கல்முனையில் நாங்கள் தொழுத பள்ளிவாசலின் கந்தூரி விருந்துக்குப் பசியோடு போனவர்கள் பசியோடு திரும்பியதும் உண்டு. சோற்றுக்குக் குறைவில்லை. முதற் சகனை, அதாவது பலர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டை, எந்தக் குடிக்கு முன்னால் வைப்பது என்பதில்தான் சண்டை. தாய்வழியில் வரும் குடிகள் ஆறு. குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார். ஆறு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில்.

நான் நிந்தவூரான், அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தேன். அந்த மரைக்கார்மாரில் ஒருவரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். மாமாவாக வேண்டியவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கந்தூரிச் சண்டையைத் தீர்த்துவைத்தால் அவர் மனம் இளகும் என்று என் படித்த மூளை கணக்குப் போட்டது.

கரும்பலகையொன்றைப் பள்ளிவாசலுக்கே தூக்கிச் சென்று 142857 என்று எழுதினேன்.

"ரெண்டால பெருக்கினா 285714. மூண்டால 428571. ஆறு வரைக்கும் இதே இலக்கங்கள்தான் சுத்திச் சுத்தி வரும். குடிக்கொரு இலக்கம் எடுங்க. முதல் வருஷம் ஒண்டால, அடுத்த வருஷம் ரெண்டால, இப்பிடியே பெருக்குவம். முன்னுக்கு வாற இலக்கத்துக்கு முதல் சகன்."

"அல்லாஹ்ட குதுறத்து!" என்றார் ஒரு மரைக்கார். அந்த வியப்பு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட நிற்கவில்லை. ஒன்று என்ற இலக்கம் எனக்குத்தான், எனக்குத்தான் என்று ஐந்து பேர் சண்டை பிடித்தார்கள். மாமா மட்டும் எட்டைப் பிடித்துக்கொண்டார், பெரிய குடிக்குப் பெரிய இலக்கமாம். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கினோம். வருடாவருடம் சீட்டையே குலுக்கியிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, கணக்கு வாத்தியாருக்கும்தான்.

ஆறால் பெருக்கும் வருடத்தில்தான் எட்டு முன்னுக்கு வரும். அதை மாமாவிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ஓம், நல்லம் தம்பி," என்றார். "எங்கட முறை வாற வருஷமே கலியாணத்தையும் வெப்பம்."

காத்திருந்தேன். என் கூட்டாளிமாரின் பிள்ளைகள் அரிவரி வகுப்புக்கு வந்துவிட்டார்கள். நான் சைக்கிளில் மாமா வீட்டைக் கடக்கும்போது அவர் மகள் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பாள். பார்க்கும் நாளெல்லாம் எனக்குக் கணக்கின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆறாம் வருடம் மாமா முதற் சகனில் கைவைத்தார். வாயில் சோற்றோடு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் ஏழால பெருக்கினா ஆருக்குத் தம்பி?"

"999999 வரும் மாமா. அதுல ஆருட இலக்கமும் இல்ல."

"அப்ப திரும்பவும் சண்டைதான். அது தீரட்டும், கலியாணத்தைப் பிறகு பாப்பம்."

நான் எழுந்து நின்று கத்தினேன்.

"எல்லாம் ஒம்பது எண்டா எல்லாரும் சமம்! ஆறு பேர் ஆறு சகனையும் தூக்கிவந்து ஒரே நேரத்துல வெக்கட்டும்!"

மரைக்கார்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆறு பேரும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். சண்டை தீர்ந்ததால் மாமாவுக்குச் சாக்கும் தீர்ந்தது. அந்த மாதமே நிக்காஹ் நடந்தது.

முதன்முதல் தனித்திருந்தபோது என் மனைவி கேட்டாள்:

"இஞ்சாருங்க, முதல் வருஷமே ஏழால பெருக்கியிருந்தா என்ன?"